பிரித்துப் போட்ட வண்டி

குளியலறைக்குப் போகிற வழியில் கியர்பாக்ஸ் கிடந்தது. அந்த வீட்டில் யார் குளிக்கப் போனாலும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அதை ஒரு தாண்டு தாண்டித்தான் போக வேண்டும். கதவுகள் இரண்டும் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. முகப்பு விளக்குகள் அலமாரியில் துணிமணிக்கு நடுவே படுத்திருந்தன. டீசல் டேங்கைச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே கவிழ்த்து, அதன்மேல் வெங்காயக் கூடையை வைத்திருந்தார்கள். முன்வாசல் தகரக் கூரைக்கு அடியில், சக்கரம் இல்லாத வெறும் சட்டகம் மரக்கட்டைகள்மேல் நின்றது.

“வண்டியப் பிரிக்கிறேன்னு சொல்லிட்டு வீட்டப் பிரிச்சுட்டான்” என்று மகனைத் தினமும் திட்டிக்கொண்டிருந்தாள் தையல்காரம்மா. திட்டு வாங்குகிறவன் ஒருநாள் இல்லாமல் போன பிறகு, அந்தக் கூடையைக்கூட வேறு இடத்தில் வைக்க அவளுக்குக் கை வரவில்லை.

மகன் லேத்துப் பட்டறையில் வெல்டராக இருந்தான். காட்டுப் பாதையில் மரம் இழுத்து இழுத்து ஓய்ந்துபோய்ப் புதருக்குள் கிடந்த அந்தப் பழைய டிரக்கை ஆசைப்பட்டு வாங்கிவந்தான். சேறோ பாறையோ, நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்து ஏறிவிடும் என்பான். கழற்றுகிற வேலையே மாதக்கணக்கில் ஓடியது. பூட்டுகிற வேலையைத் தொடங்குவதற்குள், ஒரு மழை நாளில் ஏதோ ஒரு கிடங்கின் கூரைத் தகட்டைப் பற்றவைக்க ஏறினவனை மின்சாரம் அடித்துக் கீழே தள்ளிவிட்டது. பட்டறை ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தியபோதும் ஒரு கையில் கையுறை மாட்டியபடியே இருந்தது. அதைக் கழற்றியது மருமகள்தான். விரல் விரலாக, வலித்துவிடப் போகிறதே என்கிற மாதிரி கழற்றினாள்.

வீட்டில் மூன்று பேர் மிஞ்சினார்கள். தையல்காரம்மா, அவள் புருஷன், மருமகள். புருஷன் கல்குவாரி லாரி ஓட்டிக் காலம் தள்ளியவர். எவ்வளவு நல்ல ரோடாக இருந்தாலும் இரண்டாவது கியருக்கு மேல் மாற்றமாட்டார் என்று மற்ற டிரைவர்கள் கேலி பண்ணி, ‘ரெண்டாங்கியர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கோபமும் அப்படித்தான், மெதுவாக வரும், வந்தால் லேசில் இறங்காது. மகன் தானே பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்த பெண் என்பதால் மருமகளோடு அவர் பேச்சே வைத்துக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டாலும், “தண்ணி எடுக்கச் சொல்லு” என்று பெண்டாட்டியைப் பார்த்துத்தான் சொல்வார். மருமகளும் அதைக் கேட்டுத் தண்ணீரை எடுத்து, பெண்டாட்டி கையில் கொடுப்பாள். இப்படிச் சுற்றி வளைத்துப் போய்க்கொண்டிருந்த குடும்பம்.

மகன் போன சில வாரங்களில் மருமகளின் அண்ணன் வந்தார். மலைப்பக்கம் குடியிருக்கிற கொத்தனார். பேச்சில் பதற்றம் இல்லாதவர். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க அத்தை. அவளுக்கு இன்னும் வயசு கிடக்கு. இங்க இருந்து என்ன பண்ணப் போறா? நான் கூட்டிட்டுப் போறேன்.”

தையல்காரம்மா என்ன சொல்வாள்? நியாயம் அவர் பக்கம். ரெண்டாங்கியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள்தான் வாயைத் திறந்தாள்.

“வரேண்ணே. ஆனா இப்ப இல்ல.”

“பின்ன எப்ப?”

அவள் வாசலைக் காட்டினாள். “அது இப்படியே கிடக்கு. அவரு இதுக்காகத் தூங்காம கிடந்தாரு. பழைய இரும்புக்குப் போட எனக்கு மனசு வரல. பூட்டி ஓட வெச்சுட்டு வரேன்.”

“நீயா? உனக்கு என்ன தெரியும் வண்டியப் பத்தி?”

“ஓட்டத் தெரியும். பட்டறை வண்டியில அவரு கத்துக்கொடுத்தாரு. மத்தத கத்துக்கறேன்.”

அண்ணன் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அன்றைக்குச் சாயங்காலமே அவள், தான் வேலை பார்க்கிற ரொட்டிக் கடையின் உடுப்பை மாற்றிவிட்டு, மகனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு சட்டகத்துக்கு அடியில் புகுந்தாள். எதைத் தொடுவது என்று தெரியாமல் படுத்துக் கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் ரெண்டாங்கியர் எழுந்துபோய்ப் பக்கத்தில் குந்தினார். அடியில் குனிந்து பார்த்தார்.

“அந்தப் பதினாலு ஸ்பானர எடும்மா.”

சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை, பெண்டாட்டியைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளிடமே சொன்னார். உள்ளே மிஷினில் தைத்துக்கொண்டிருந்த தையல்காரம்மாவுக்குக் கால் தானாக நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைச் சந்தோஷம் என்று சொன்னால் பாவம். ஆனால் துக்கத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. மருமகள் சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது உடைந்த பிஸ்கட்டும் கருகிய ரொட்டியும் ஒரு பையில் கொண்டுவருவாள். டீசல் கையோடு அதைத் தின்பார்கள். ஒவ்வொரு உருப்படியாக வீட்டுக்குள்ளிருந்து வெளியே போயிற்று. கியர்பாக்ஸை மூவரும் சாக்கில் வைத்து இழுத்தார்கள். “எழவெடுத்தது, என்னைவிட கனம்” என்றார் ரெண்டாங்கியர். “உங்களவிட வேகமாவும் ஓடும் மாமா” என்றாள் மருமகள். அவர் முறைத்தார். பிறகு யாரும் எதிர்பாராமல் சிரித்துவிட்டார். சிரித்ததும் வெட்கப்பட்டுப்போய்க் கொல்லைப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

தையல்காரம்மாவின் பங்கு சீட்டும் மேல்கூரையும். கித்தான் துணியை வாங்கி, தரையில் விரித்து, முழங்காலால் நகர்ந்து நகர்ந்து வெட்டினாள். பாவாடையும் சட்டையும் தைத்துப் பழகின மிஷின் அந்தத் தடித் துணியைக் கண்டு முரண்டு பிடித்தது. ஊசி ஊசியாக ஒடிந்தது. ஒடிய ஒடிய மாற்றினாள்.

பிரேக் குழாயில் தங்கின காற்றை வெளியே எடுக்கிற வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மருமகள் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க, அவர் சக்கரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு திருகைத் திறந்து மூடுவார்.

“மிதி… மிதி… பிடி. பிடிச்சுக்கோ.”

“பிடிச்சிருக்கேன் மாமா.”

“ம். இப்ப விடு.”

ஒரு சாயங்காலம் பூராவும் தெருவில் இந்தக் குரல்தான். பால்காரர்கூட சைக்கிளை நிறுத்தி, “என்ன அண்ணே, மருமகளுக்கு டான்ஸ் சொல்லித் தர்றீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

வேலை முடிகிற கட்டத்துக்கு வந்தபோதுதான் எல்லாம் முரண்டு பண்ண ஆரம்பித்தது. சக்கரம் மாட்டியாயிற்று, எஞ்சின் உட்கார்ந்தாயிற்று. ஆனால் ஸ்டார்ட் ஆக மறுத்தது. சாவியைத் திருகினால் இரண்டு இருமு இருமிவிட்டு ஓய்ந்துவிடும். டீசல் வரும் குழாயில் எங்கேயோ காற்று புகுந்தது. மருமகள் ஒவ்வொரு நட்டாகத் துடைத்து முறுக்குவாள். மறுநாள் கடையிலிருந்து வந்து பார்த்தால், முறுக்கின இடத்திலேயே டீசல் கசிந்திருக்கும்.

“எனக்குக் கை வரல அத்தை” என்றாள் ஒருநாள், கிழங்கு உரித்துக்கொண்டே. “அவரு கூட இருந்தப்ப ஸ்டூலப் போட்டு வேடிக்க பாத்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். ஒண்ணாவது ஒழுங்காக் கத்துக்கிட்டேனா? ஒரு நட்டு முறுக்கத் தெரியல.”

“அதெல்லாம் பழகப் பழக வந்துரும்” என்றாள் தையல்காரம்மா.

அந்த வாரமே ஒரு மத்தியானம், தான் வேலைக்குப் போகிற தையல் கடையில் மின்சாரம் போய்விட, தையல்காரம்மா சீக்கிரமே வீடு திரும்பினாள். வாசலில் புருஷன் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். சரி, வேலை செய்கிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனாள். ஸ்பானர் இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

“ஏங்க, அது முறுக்குற பக்கமா?”

அவர் தலையை எடுக்கவில்லை. ஸ்பானரை மட்டும் நிறுத்தினார்.

“உங்களத்தான். நேத்து அவ முறுக்குனதத்தான கழட்டுறீங்க?”

“கழட்டல. லேசா தளத்தி விடுறேன்.”

“எதுக்கு?”

அவர் நிமிர்ந்தார். நெற்றியில் கரி. கண் கலங்கியிருந்ததா, டீசல் நெடியா என்று தெரியவில்லை.

“ஓடிருச்சுன்னா போயிருவால்ல.”

தையல்காரம்மா கையிலிருந்த துணிப்பையைக் கீழே வைத்தாள். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

“வாசல்ல அவ செருப்புச் சத்தம் கேட்டா அவனும் பின்னாடி வர்ற மாதிரி இருக்கு” என்றார் அவர். “நான் அந்தப் புள்ளகூட ஒரு வார்த்த பேசாம அத்தன நாள வீணாக்கிட்டேன். இப்பத்தான் பேசுறேன். இன்னும் கொஞ்ச நாள். வேற ஒண்ணும் கேக்கல.”

அவள் நினைத்துப் பார்த்தாள். காலையில் எழுந்ததும் சமையலறையில் யாரோ பாத்திரம் எடுத்து வைக்கிற சத்தம். மூன்றாவது தட்டு. அது இல்லாத வீட்டில் இவரும் தானும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

“என்னமோ பண்ணுங்க” என்றாள். “அவ கண்ணுல படாமப் பண்ணுங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு மிஷினில் உட்கார்ந்தவள், தைத்து முடித்திருந்த கூரைத் துணியின் ஒரு பக்கத் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். ஓரம் கோணல், திருப்பி அடிக்க வேண்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கோணலே இல்லை. நூல் நேராகத்தான் ஓடியிருந்தது.

இப்படியே இரண்டு பேரும் கடத்தினார்கள். மருமகள் முறுக்குவாள், அவர் தளர்த்துவார். அவள் முகம் நாளுக்கு நாள் வாடிக்கொண்டே வந்ததைத் தையல்காரம்மா பார்க்காமல் இல்லை. சாப்பிடும்போது உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொள்வாள், ஸ்பானர் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தையல்காரம்மா தள்ளிப்போட்டாள். ஒவ்வொரு முறையும் சொல்லுக்குப் பதிலாக இன்னொரு கரண்டி சோறுதான் வந்தது.

கடைசியில் பட்டறையின் லேத்துக்காரர்தான் குறுக்கே வந்தார். ரொட்டி வாங்கப் போனவரிடம் மருமகள் நிலைமையைச் சொல்லியிருக்கிறாள். “நட்டுல ஒண்ணும் இருக்காதும்மா. உள்ள இருக்கிற செம்பு வாஷர் தேஞ்சிருக்கும். அத்தனையும் மாத்திரு” என்று புது வாஷர்களைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறார். இதை ரெண்டாங்கியரிடமும் சொல்லிவிட்டார், நல்ல செய்தி என்று நினைத்து.

அவருக்குப் பயம் வந்துவிட்டது. இனி டீசல் குழாய் கைகொடுக்காது. மறுநாள் காலையில் மருமகள் வேலைக்குப் போனதும் பின்சக்கரத்துக்கு அடியில் படுத்து, பிரேக் ஆயில் போகிற குழாயின் நட்டைத் தளர்த்தினார். ஆயில் சொட்டித் தரையில் பரவும், வந்ததும் பார்ப்பாள், திரும்பவும் காற்று எடுக்க வேண்டும், அதில் ஒரு வாரம் ஓடும் என்பது அவர் கணக்கு. பிறகு எதற்கோ பட்டறைப் பக்கம் போனார். பெண்டாட்டியிடம் சொல்லவில்லை.

நடுப்பகலில் ஒரு மழை அடித்தது. கூரைக்கு அடியில் புகுந்து ஓடிய தண்ணீர், தரையில் பரவியிருந்த ஆயிலைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு போயிற்று.

மருமகள் அன்றைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். வாஷர் எல்லாவற்றையும் மாற்றி முறுக்கினாள். உள்ளே தைத்துக்கொண்டிருந்த தையல்காரம்மாவுக்கு முதலில் இருமல் கேட்டது. பிறகு, அந்தச் சத்தம். தகரக் கூரை அதிர, வீட்டுப் பாத்திரங்கள் கிணுகிணுக்க, எஞ்சின் உறுமி, ஓயாமல் ஓடியது. மருமகள் “அத்தை! அத்தை!” என்று கத்தினாள். அப்படி ஒரு குரலை அவளிடமிருந்து கேட்டு எத்தனை நாளாயிற்று! தையல்காரம்மா வாயில் கடித்த நூலோடு ஓடினாள். அந்த ஓட்டத்தில் அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வாசலுக்கு வந்தபோது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. சக்கரத்துக்கு அடை கொடுத்திருந்த கற்களை மருமகள் எடுத்திருந்தாள். வாசல் தெருவை நோக்கிச் சரிவு. மருமகள் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். சிரிப்பு அப்படியே நின்றது. தலை குனிந்தது. கால் மிதிப்பது தெரிந்தது, மறுபடி மிதிப்பது தெரிந்தது. வண்டி நிற்கவில்லை. தெருவைக் குறுக்காகக் கடந்து எதிர்வீட்டுச் சுவரில் போய் மோதியது. நல்லவேளை, தெருவில் யாரும் இல்லை.

தோள் எலும்பு முறிந்திருந்தது. புருவத்துக்கு மேல் தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரி வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். ரெண்டாங்கியர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மன்னிச்சுக்குங்க மாமா” என்றாள் மருமகள். குரல் மருந்தில் குழறியது. “நான்தான் சரியா முறுக்கல. நீங்க அவ்வளவு தூரம் சொல்லிக் கொடுத்தும்… சுவரு இடிஞ்சு போச்சா? வண்டி ரொம்பப் போச்சா?”

அவருடைய கை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

“நீ சரியாத்தான் முறுக்குன” என்றார். “எல்லாத்தையும் சரியாத்தான் முறுக்குன. நான்தான் தளத்தி விட்டேன்.”

அவளுக்குப் புரியவில்லை. அவர் திரும்பச் சொன்னார். டீசல் குழாயைச் சொன்னார், பிரேக்கைச் சொன்னார். ஏன் என்பதைச் சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நிறுத்தினார்.

மருமகள் மெல்லத் தலையைத் திருப்பித் தையல்காரம்மாவைப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா அத்தை?”

பிரேக் விஷயம் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவள் கேட்டது அதை இல்லை.

“தெரியும்.”

“கை வரலன்னு உங்ககிட்டத்தான சொன்னேன்” என்றாள் மருமகள். “செத்தவருகிட்ட தினமும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டுக் கிடந்தேன் அத்தை. அவரோட வண்டிய நானே கெடுக்கிறேன்னு.”

சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணன் வந்தார். அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர், அவரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. மருமகளின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தது தையல்காரம்மாதான்.

வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து பழையபடி தகரக் கூரைக்கு அடியில் விட்டார்கள். முன்பக்கம் நசுங்கியிருந்தது. ரெண்டாங்கியர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பகலெல்லாம் படுத்தே கிடந்தார். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியது. வண்டிக்கு அடியில் புல் முளைத்தது. ஒருநாள் தையல்காரம்மா ஒரு பழைய சேலையை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு, அந்தப் புல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே வந்தாள்.

“எந்திரிங்க.”

“எதுக்கு?”

“அவ ஆரம்பிச்சத முடிக்கணும். முடிச்சுக் கொண்டுபோய் அவகிட்ட விடணும். அது அவளோட வண்டி.”

“அவ மூஞ்சில நான் முழிக்க முடியாது.”

“முழிக்க வேண்டாம். வண்டிய விட்டுட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டு நில்லுங்க. நானும் நிக்கிறேன்.”

இந்த முறை பெடலை மிதித்தவள் தையல்காரம்மா. லேத்துக்காரர் நசுங்கின முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார். ரெண்டாங்கியர் ஒரு நட்டை முறுக்கினால், சிறிது நேரம் கழித்து வந்து மறுபடி பார்ப்பார், டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்ப்பார். கூரைத் துணிக்கு அவள் இரட்டைத் தையல் போட்டாள்.

மலைப்பாதை முழுக்க அவர் இரண்டாவது கியரிலேயே ஏறினார். பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தது. “வழி விடுங்களேன், சாமி ஊர்வலமா போறீங்க!” என்று எவனோ கத்தினான். அவர் காதில் வாங்கவில்லை. கொத்தனார் வீடு ரோட்டுக்கு மேலே, கல் சிதறிக் கிடந்த ஒரு மேட்டில் இருந்தது. சத்தம் கேட்டு மருமகள் வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். புருவத்துக்கு மேல் தழும்பு வெளுத்திருந்தது.

ரெண்டாங்கியர் இறங்கிச் சாவியை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். கித்தானைத் தொட்டுப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்தாள். எஞ்சினைக் கிளப்புமுன் பிரேக் பெடலை மிதித்தாள். விட்டு மிதித்தாள். மூன்றாவது முறை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு இறங்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் குனிந்து விரலால் தடவி, ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாள். நாலு சக்கரத்தையும் பார்த்து முடிக்கிற வரைக்கும் ரெண்டாங்கியர் தலையை நிமிர்த்தவில்லை. தையல்காரம்மாவும் நிமிர்த்தவில்லை.

“ஏறுங்க” என்றாள் மருமகள்.

வீட்டுக்குப் பின்னால், அண்ணன் கல் எடுக்கிற இடத்துக்குப் போகிற தடத்தில் வண்டியை விட்டாள். பாதை என்று சொல்ல முடியாது, பாறையும் பள்ளமும். நாலு சக்கர இழுப்பைப் போட்டாள். வண்டி முனகி, பின்பக்கம் சரிந்து, பிறகு ஒவ்வொரு கல்லாகப் பிடித்து ஏறியது. உச்சியில் நிறுத்தினாள். கீழே கூரைகள் தீப்பெட்டி மாதிரி தெரிந்தன.

“நல்லா ஓட்டுறம்மா” என்றார் ரெண்டாங்கியர். வந்ததிலிருந்து அவர் சொன்ன ஒரே வார்த்தை.

“உங்க பிள்ளை சொல்லிக் கொடுத்தது” என்றாள்.

மூன்று பேரும் அவனை நினைத்துக்கொண்டு அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அழுகை வந்தது ரெண்டாங்கியருக்குத்தான். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். மருமகள் அவர் பக்கம் திரும்பவில்லை. எஞ்சினையும் கிளப்பவில்லை. அவர் முடிக்கிற வரைக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

கீழே வந்ததும் சாப்பாடு போட்டாள். கை கழுவுகிற இடத்தில் தையல்காரம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “அண்ணன் ஒருத்தரப் பத்திச் சொல்றாரு அத்தை. நான் இன்னும் பதில் சொல்லல.”

“சரின்னு சொல்லிரும்மா” என்றாள் தையல்காரம்மா. குழாயை மூடாமல் தண்ணீரை அப்படியே ஓடவிட்டுக்கொண்டிருந்தாள்.

பஸ் வருகிற இடம் வரைக்கும் கூட வந்தாள் மருமகள். “அடுத்த தடவ வரும்போது சொல்லிட்டு வாங்க” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் அது தூரத்து உறவுக்காரர்களிடம் சொல்கிற வார்த்தை என்பது தையல்காரம்மாவுக்குத் தெரிந்தது.

பஸ் கிளம்பியது. முதல் வளைவு தாண்டினதும் ரெண்டாங்கியர் திடீரென்று எழுந்து கம்பியைப் பிடித்தார்.

“என்ன?”

“இடப்பக்கக் கதவுல ஒரு சத்தம் கேட்டுச்சே, கவனிச்சியா? பள்ளத்துல இறங்கும்போது. கீல்ல திருகு தளர்ந்திருக்கு. சொல்ல மறந்துட்டேன். நிறுத்தச் சொல்லு, ஓடிப்போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்.”

தையல்காரம்மா அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருங்க. அவளுக்கும் காது இருக்கு.”

“இல்ல, ஒரு சின்ன முறுக்குதான்…”

“அவ முறுக்கிக்குவா” என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு உட்கார்ந்தார். பஸ் இறக்கத்தில் வேகமெடுத்தது.